தொங்கும் பாரமும் கீழே நிற்பவனும்

செட்டிபாளையத்திலிருந்து மட்டக்களப்பு நகருக்குச் செல்வோர் கல்லடியில் வாவியைக் கடக்கின்றனர். தேசாதிபதி மனிங் காலத்தில், 1924இல் அவர்தம் மனைவியின் பெயரால் எழுந்த இரும்புப் பாலமும், 2013இல் திறக்கப்பட்ட புதிய பாலமும் அங்கே காணப்படுகின்றன. பாலமாயினும் மாளிகையாயினும், அதன் பார உறுப்புகள் சிறிது நேரம் அந்தரத்தில் தொங்கியே தத்தம் இடஞ் சேர்கின்றன. அந்நேரத்தில் கீழே நிற்பவனுடைய உயிர் ஒரு வடத்தில் தங்கியுள்ளது.

இதனை முன்னோர் அறிந்திருந்தனர். 1586ஆம் ஆண்டில், ஏறக்குறைய 330 தொன் நிறையுள்ள ஒற்றைக் கற்றூணை உரோமாபுரியில் புனித பேதுரு ஆலயத்தின் முன்னே நிறுத்தும் பணியைத் தொமேனிக்கோ பொந்தானா என்னும் சிற்பி ஏற்றார். எக்காளம் ஒலித்தால் இழுத்தல் வேண்டும். மணி ஒலித்தால் நிறுத்துதல் வேண்டும். பார்க்க வந்தோர் வேலிக்கப்பால் நிறுத்தப்பட்டனர். எவரும் வாய்திறத்தலாகாது என்று ஆணை பிறந்தது. சாரத்தின் கீழ் நின்றே ஆகவேண்டிய தச்சர்கள் இரும்புத் தலைக்கவசம் தரித்தனர். செப்டெம்பர் 10ஆம் நாள் தூண் நிமிர்ந்து நின்றது.

பொறியியல் வளர்ந்த பின்னரும் ஆபத்து நீங்கவில்லை. 1916 செப்டெம்பர் 11இல், கனடாவின் கியூபெக் பாலத்துக்காக ஏறக்குறைய 5,000 தொன் நிறையுள்ள நடுப்பகுதி ஆற்றிலிருந்து மேலே உயர்த்தப்பட்டது. அதனைத் தாங்கிய வார்ப்பு உறுப்பொன்று உடையவே, அது ஆற்றில் வீழ்ந்தது. 13 பேர் மாண்டனர். தாங்கும் உறுப்புகளைத் திருத்தியமைத்தபின், 1917இல் அவ்வேலை நிறைவெய்தியது. வடம் வலிதாயினும், அதனோடு பிணைத்த ஓர் உறுப்பு மெலிதாயின் பயனில்லை என்பதை உலகம் கண்டது.

இலங்கையிலும் 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம், பாரந்தூக்கிகளும் சங்கிலிகளும் வடங்களும் சோதிக்கப்படல் வேண்டுமென விதித்தது.

ஆயினும், சட்டத்தின் கண் எட்டாத சிறு வேலைத்தலங்கள் கிராமங்களில் பல. மாடி வீடெழும் இடத்தில், கப்பியும் கயிறுமே பாரந்தூக்கி. பதினாறு அடி உயரத்தில் நழுவும் செங்கல் ஒரே விநாடியில் நிலத்தை அடையும். நிமிர்ந்து பார்க்கவும் அவகாசமில்லை. தலைக்கவசம் சிறு கல்லைத் தாங்கும், உத்திரத்தைத் தாங்காது. ஆதலால், கயிற்றை நாள்தோறும் சோதித்தலும், ஒருவனே சைகை காட்டுதலும், பாரத்தின் கீழ் எவரும் நில்லாதவாறு இடத்தை அடைத்தலும் இன்றியமையாதன. உரோமாபுரியில் 1586இல் கையாண்ட ஒழுங்கு, செட்டிபாளையத்துச் சிறு வீட்டுக்கும் பொருந்தும். அதற்கு வேண்டியது ஒரு வேலியும் சிறிது பொறுமையுமே.