உங்கள் வீட்டு அரிசிப் பெட்டி எங்கே இருக்கிறது?

போன கிழமை பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். அமெரிக்காவில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. ஆனால் முகத்தில் சந்தோசத்தைக் காணவில்லை. விசாப் படிவத்தில் கடந்த ஐந்து வருடங்களில் பாவித்த சமூக வலைத்தளக் கணக்குகளை எல்லாம் எழுதச் சொல்கிறார்கள். 2019 மே மாத முடிவிலிருந்து இருக்கிற கேள்விதான். 2025 ஜூனிலிருந்து மாணவர் விசா கேட்பவர்கள் அந்தக் கணக்குகளை எல்லோரும் பார்க்கத் திறந்து வைக்கவும் வேண்டும்.

"சேர், பதினேழு வயசில என்னத்த எழுதின எண்டு எனக்கே நெனவில்ல. அழிக்கவா, விடவா?" என்று கேட்டான்.

பொய் மட்டும் எழுதாதே என்றேன். அவன் போன பிறகு எனக்கு ஏஞ்சல் தீவு ஞாபகம் வந்தது. வரலாறு படிப்பிக்கிறவனுக்கு வேறென்ன ஞாபகம் வரும்!

சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் உள்ள சின்னத் தீவு அது. 1910 முதல் 1940 வரை அங்கே குடிவரவு நிலையம் இருந்தது. சீனத் தொழிலாளர்கள் நாட்டுக்குள் வரக்கூடாது என்று அமெரிக்கா 1882இல் சட்டம் போட்டிருந்தது. வியாபாரிகள், மாணவர்கள், அமெரிக்கப் பிரசைகளின் பிள்ளைகள் போன்ற சிலருக்கு மட்டும் விதிவிலக்கு. 1906இல் சான் பிரான்சிஸ்கோவில் பூமியதிர்ச்சியும் பெருந்தீயும் வந்து பிறப்புப் பதிவுகள் எரிந்து போயின. "நான் இங்கேதான் பிறந்தேன்" என்று பலர் சொன்னார்கள், மறுக்க ஆதாரம் இல்லை. அப்படிப் பிரசையானவர்கள் ஊரில் இல்லாத மகனை இருப்பதாகப் பதிந்து, அந்த இடத்தை வேறொருவரின் பிள்ளைக்கு விற்றார்கள். 'காகித மகன்கள்' என்று அவர்களுக்குப் பெயர்.

அதிகாரிகளுக்கும் இது தெரியும். பிடிப்பதற்கு அவர்களிடம் இருந்த ஒரே கருவி கேள்வி. உங்கள் கிராமத்தில் எத்தனை வீடுகள்? உங்கள் வீட்டு வாசலில் எத்தனை படிகள்? அரிசிப் பெட்டி எந்த மூலையில் இருக்கிறது? பக்கத்து வீட்டுக்காரனுக்கு எத்தனை பிள்ளைகள்? ஒரு பையனிடம் நூற்றுக்கணக்கில் கேட்பார்கள். பிறகு தகப்பனை வேறாக இருத்தி அதே கேள்விகள். இரண்டும் பொருந்தாவிட்டால் திருப்பி அனுப்ப அது போதும்.

இதில் எனக்கு உறுத்துவது ஒன்று உண்டு. உண்மையான மகனும் பிழை விடுவான். நான் பிறந்து வளர்ந்த வீட்டில் எத்தனை படி என்று இப்போது கேட்டால் எனக்கும் தெரியாது. ஆகவே உண்மையான பிள்ளைகளும் புத்தகம் வைத்துப் பாடமாக்கினார்கள், கப்பல் கரை சேருமுன் அதைக் கடலில் வீசினார்கள். பதில் வரும்வரை மாதக்கணக்கில் தடுப்பில் இருந்தவர்கள் சுவரில் கவிதைகளைச் செதுக்கினார்கள். இடிக்க இருந்த அந்தக் கட்டடத்தில் 1970இல் ஒரு பூங்காக் காவலர் அவற்றைக் கவனித்ததால்தான் அவை இன்றும் இருக்கின்றன.

1943இல் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது. அத்தோடு முடிந்தது என்றுதான் நானும் முன்பு நினைத்திருந்தேன். முடியவில்லை. கோப்புகள் இருந்தனவே! 1956இல் அரசாங்கம் 'ஒப்புக்கொள்ளும் திட்டம்' ஒன்றைத் தொடங்கியது. பொய்ப் பெயரில் வந்ததை நீங்களே சொன்னால் சட்டபூர்வமாக்க உதவுவோம் என்றார்கள். 13 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சொன்னார்கள். ஆனால் ஒருவர் தன்னைப் பற்றிச் சொன்னால், அந்தக் காகிதக் குடும்பத்தின் மற்றவர்களும் மாட்டுவார்கள். இடதுசாரிச் சங்கங்களில் இருந்த சிலர் மீது நடவடிக்கை எடுக்கவும் இதே வழி உதவியது.

இனி நமக்குத் தெரிந்த காலத்துக்கு வருவோம். 2001 செப்டெம்பர் தாக்குதலுக்குப் பிறகு, 2002இல், 25 நாடுகளிலிருந்து தற்காலிக விசாவில் வந்து தங்கியிருந்த 16 வயதுக்கு மேற்பட்ட ஆண்கள் குடிவரவு அலுவலகத்துக்கு வந்து பதிய வேண்டும் என்றார்கள். வட கொரியா தவிர மற்றவை பெரும்பாலும் முஸ்லிம்கள் வாழும் நாடுகள். பங்களாதேஷ், பாகிஸ்தான், இந்தோனேசியா இருந்தன. இலங்கை இருக்கவில்லை. கைரேகை, புகைப்படம், சத்தியம் செய்து விசாரணை. 80 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் தாங்களாகவே போனார்கள். அவர்களில் 13 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மீது நாடுகடத்தும் நடவடிக்கை தொடங்கியது. பலருடைய குற்றம், விசாக் காலம் கடந்தது அல்லது கடதாசி வேலை முடியாமல் இழுபட்டது. ஒளிந்திருந்தவன் தப்பினான், சட்டத்தை மதித்துப் போனவன் பிடிபட்டான். பயங்கரவாதக் குற்றத்துக்கு அந்தப் பதிவால் ஒருவரும் தண்டிக்கப்பட்டதாக இல்லை. 2011இல் நிறுத்தினார்கள், 2016 டிசம்பரில் விதியையே நீக்கினார்கள்.

வருகிறவன் யார் என்று கேட்க ஒரு நாட்டுக்கு உரிமை இல்லை என்று நான் சொல்லவில்லை. சோதனைச் சாவடியில் "எங்க போறது, யார் வீட்டுக்கு?" என்ற கேள்விக்குப் பழகியவர்கள்தானே நாமும். சாவடிக் கேள்வி அந்த இடத்தோடு காற்றில் போய்விடும். எழுதிக் கொடுத்த பதில் போகாது. ஏஞ்சல் தீவு விசாரணைக் கோப்புகள் இன்றும் கலிபோர்னியாவில் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பேரப்பிள்ளைகள் போய்த் தங்கள் குடும்ப வரலாற்றை அதில் தேடுகிறார்கள். பாட்டனார் பயந்து சொன்னதில் எது உண்மை, எது பாடமாக்கியது என்று பிரிக்க முடியாமல் திண்டாடுகிறார்கள்.

மாணவன் நேற்று செய்தி அனுப்பியிருந்தான். ஒன்றையும் அழிக்கவில்லையாம். ஆனால் பாடசாலைக் காலத்தில் தொடங்கிய ஒரு கணக்கின் கடவுச்சொல் மறந்துவிட்டதாம், அந்தத் தொலைபேசி இலக்கமும் இப்போது இல்லை. அதைத் திறக்க வழி தெரிந்தவர்கள் உள்பெட்டியில் சொல்லுங்கள். அடுத்த கிழமை அவனுக்கு நேர்முகம்.