கொள்ளைநோயும் கர்ப்பத்தடையும்

தம்பதிகள் வீட்டினுள் அடைபட்டுக் கிடந்தால் பத்தாம் மாதம் தொட்டில்கள் நிறையுமென்று 2020-ம் ஆண்டில் பலர் வேடிக்கை பேசினர். பேசியவர் பெரும்பாலும் ஆடவரே என்று சொல்லவும் வேண்டுமோ? சரித்திரமோ வேறு விதமாகக் கூறுகின்றது.

1918-ம் ஆண்டைப் பார்ப்போம். ஜூன் மாதம் பம்பாயில் தலைகாட்டிய இன்புளூயன்சா ஜுரம், செப்டம்பர் முதல் கொடிய உருக்கொண்டு இந்தியாவெங்கும் பரவிற்று. மாண்டவர் தொகை 1 கோடியே 20 லட்சத்துக்குக் குறையாதென்பது ஆராய்ச்சியாளர் பலரின் மதிப்பு. மலாய் நாட்டுத் தோட்ட லயங்களையும் அவ்வாண்டு அந்நோய் விடவில்லை. 20 முதல் 40 வயதுக்குட்பட்டோரையே அது மிகுதியாக வாரிச் சென்றது. இந்தியாவில் ஆண்களைக் காட்டிலும் பெண்களே அதிகம் மாண்டனர். கர்ப்பிணிகளின் கதியோ மிகப் பரிதாபம். உயிர் பிழைத்தவர்களிலும் பலருக்குக் கரு சிதைந்தது. ஆகவே 1919-ல் பிறப்புத் தொகை வீழ்ந்தது. இன்றைய இந்திய எல்லைக்குள் 1911-ல் 25 கோடியே 21 லட்சமாக இருந்த ஜனத்தொகை, 1921-ல் 25 கோடியே 13 லட்சமாயிற்று.

இக்குறைவில் தம்பதிகளின் விருப்பத்துக்கு இடமேது? பிள்ளை இப்பொழுது வேண்டுமா என்று நம் பாட்டிமாரை அன்று எவரும் கேட்டாரில்லை. கேட்டு, அவர்கள் வேண்டாமென்று சொல்லியிருந்தாலும் அதற்கு வழி இல்லை. பெற்றது விதி, செத்தது விதி என்று கற்பித்தவர்களுக்கு அது வசதியாகவே இருந்தது. மார்கரெட் சாங்கர் அம்மையார் 1916-ல் நியூயார்க்கில் திறந்த கர்ப்பத்தடை நிலையத்தைச் சில நாட்களிலேயே போலீசார் சோதனையிட்டு மூடினர். மேரி ஸ்டோப்ஸ் அம்மையார் லண்டனில் தம் நிலையத்தைத் திறந்தது 1921-ல். மைசூர் சர்க்கார் இத்துறையில் இறங்கியது 1930-ல்.

நூறாண்டு கழித்து வந்த கொவிட் காலத்தில் நிலைமை வேறு. அமெரிக்காவில் 2020-ல் நடந்த ஒரு விசாரணையில், மூன்றிலொரு பங்குப் பெண்கள் பிள்ளைப்பேற்றைத் தள்ளிவைக்கவோ, பிள்ளைகளின் தொகையைக் குறைத்துக்கொள்ளவோ விரும்பியதாகக் கூறினர். வேலை போகுமோ, சம்பளம் குறையுமோ என்ற கலக்கமே இதற்குப் பெருங்காரணம். சிங்கப்பூர்த் தம்பதிகளும் அவ்வாறே தயங்குவதைக் கண்ட அரசாங்கம், 2020 அக்டோபர் 1 முதல் ஈராண்டு காலம் பிறக்கும் பிரஜைக் குழந்தைகளுக்கு 3,000 வெள்ளி அளிக்க முன்வந்தது. எனினும் 2020-ல் 1.10 ஆக இருந்த கருவள விகிதம் 2023-ல் 0.97 ஆயிற்று. பழி முழுவதையும் நோயின்மேல் போடுவதற்கில்லை. சரிவு முன்னமே தொடங்கியதொன்று.

விருப்பம் இவ்வாறு வளர்ந்த வேளையில் சாதனங்கள் கைவிட்டன. 2020 மார்ச் 18-ல் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை பிறந்தது. உலகத்து ஆணுறைகளில் ஐந்திலொன்றைச் செய்துவந்த கெரெக்ஸ் கம்பெனியின் ஆலைகள் ஏறக்குறையப் பத்து நாட்கள் மூடிக்கிடந்தன. திறந்தபோதும் பாதி ஆட்களே வேலைக்கு வர முடிந்தது. நம்மவர் மரம் சீவிய நாட்டிலே இப்படியும் ஒரு ரப்பர்ப் பஞ்சம்! பல நாடுகளில் மருத்துவ நிலையங்கள் அடைபட்டன. கப்பல்கள் காலம் தவறின. 115 ஏழை நாடுகளில் சுமார் 1 கோடியே 20 லட்சம் பெண்கள் கர்ப்பத்தடைச் சாதனம் கிடைக்காமல் தவித்தனரென்றும், வேண்டாத கர்ப்பங்கள் 14 லட்சம் நேர்ந்திருக்கலாமென்றும் ஐக்கிய நாடுகளின் மக்கள்தொகை நிதியம் 2021 மார்ச்சில் மதிப்பிட்டது. சாதனங்கள் தடைப்பட்டிருந்த காலமோ, சராசரி நான்கு மாதத்துக்கும் குறைவு.