மூழ்கிய ஈ

பொய் ஈயைத் தண்ணீரின் மேல் மிதக்க விடுவதா, முழுக விடுவதா என்று படித்த மனிதர்கள் கால் நூற்றாண்டுக்கு மேல் வழக்காடினார்கள் என்றால், மண்புழுவைக் குத்தி வாய்க்காலோரம் உட்காருகிற நமக்குச் சிரிப்பாகத்தான் இருக்கும். இங்கிலாந்தில் அது கௌரவப் பிரச்னை.

ஹாம்ப்ஷயரில் இச்சன் என்றொரு சிற்றாறு. சுண்ணாம்புப் பாறையில் ஊறி வருவதால் ஸ்படிகம் போலிருக்கும். அதிலுள்ள டிரௌட் மீன் பூச்சி தின்னி. இறகையும் பட்டுநூலையும் முள்ளில் சுற்றி, ஈ மாதிரி செய்து அதை ஏமாற்ற வேண்டும். 1886-இல் ஹால்ஃபோர்டு என்பவர் மிதக்கும் ஈக்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். மீன் மேலே வந்து பூச்சியைக் கொத்துவதைக் கண்ணால் கண்டு, அதே சாயலுள்ள ஈயை அதன் முன்னே மிதக்க விட வேண்டும். மற்றதெல்லாம் அனாசாரம் என்றாகிவிட்டது.

கோடைக் கடைசியில்தான் இந்தச் சாஸ்திரம் இடறியது. ஆகஸ்டில் தண்ணீர் வற்றிப் பாசி மண்டும். வெயில் அடித்தரை வரை இறங்கும். பகலில் மேலே பூச்சியே இராது. அதற்காக மீன் உபவாசம் இருக்குமா? சிறகு முளைக்காத இளம்பூச்சிகளை உள்ளேயே தின்றுகொண்டிருக்கும்.

1892 செப்டம்பரில் ஸ்கியூஸ் என்ற வக்கீல் எறிந்த ஈ, இறகு போதாமல் முழுகிவிட்டது. மீன் அதைக் கவ்வியது! இப்படியொரு தற்செயலைக் கதையில் எழுத எனக்குத் தைரியம் வராது. வக்கீல் சும்மா இருப்பாரா? சாட்சியம் தேடினார். பிடித்த மீனின் இரைப்பையை, எலும்பு மஜ்ஜை எடுக்கும் கரண்டியால் தோண்டித் தண்ணீரில் அலசிப் பார்த்தார். 1910-இலும் 1921-இலும் புத்தகம் எழுதினார். சாயங்காலத்தில் நீலச்சிறகு ஆலிவ் என்ற பூச்சி கிளம்பும். அதன் உடல் பச்சை கலந்த நிறம். அவர் வீசியதோ ஆரஞ்சு நிற இறகுத்தண்டு சுற்றிய ஈ. மீன் அதைத்தான் விரும்பிற்று!

1914-இல் ஹால்ஃபோர்டு காலமானார், சீடர்கள் விடவில்லை. 1938 பிப்ரவரியில் லண்டன் சங்கமொன்றில் விவாதம் நடந்தது. எண்பதை நெருங்கிய கிழவருக்கு ஆதரவு சொற்பம். அந்த வருஷத்தோடு இச்சனில் தூண்டில் போடுவதை விட்டார். 1949-இல் அவர் இறந்த பின், சாம்பலை அந்த ஆற்றங்கரையில்தான் தூவினார்கள்.

இன்றைக்கும் அந்தப் பக்கத்தில் பல இடங்களில், ஜூலை பிறந்த பிறகே முழுகும் ஈக்கு அனுமதி.