கப்பல் ஏறாத செட்டிநாட்டுத் தாலாட்டு இப்போது கடல் தாண்டியது எப்படி?

காரைக்குடி வட்டாரத்தில் பெரிய வீடுகள் பல வருஷம் முழுக்கப் பூட்டியே கிடக்கின்றன. அந்த வீடுகளில் ஆயாவும் அப்பத்தாவும் பாடிய தாலாட்டு இன்று சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் செல்போன் பதிவாகக் கேட்கிறது. ஆனால் ஒரு காலத்தில் இந்தப் பாட்டு ஊரைவிட்டுப் போனதே இல்லை.

ஆண்கள் போனார்கள், பாட்டு போகவில்லை

தொழிலுக்காக வெளியூர், வெளிநாடு போவதை நகரத்தார் 'கொண்டு விற்கப் போவது' என்பார்கள். பர்மா, மலேயா, இலங்கைக்குப் போன ஏஜென்டுகளுக்கு ஒரு தவணை பெரும்பாலும் 3 வருஷம். மனைவியும் பிள்ளைகளும் ஊரில்தான். சிங்கப்பூர் டேங்க் ரோட்டில் 1859-லேயே தண்டாயுதபாணி கோயில் எழும்பிவிட்டது. தொட்டில் மட்டும் செட்டிநாட்டிலேயே ஆடியது. அதனால்தான் இந்தத் தாலாட்டில் அப்பச்சி எப்போதும் தூரத்தில் இருப்பவர். சீர் கொண்டுவரும் அம்மானுக்கு வரிக்கு வரி பெருமை.

1942-ல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் ஏராளமானோர் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊர் திரும்பினார்கள். பிற்காலத்தில் வேலைக்காகக் கிளம்பியவர்கள் குடும்பத்தோடு போனார்கள். அப்போதுதான் பாட்டும் கூடவே போனது.

வள்ளியப்பா பாட்டு நிலைத்தது ஏன்?

குழந்தைக் கவிஞர் அழ.வள்ளியப்பாவும் இதே மண்தான். 1922-ல் ராயவரத்தில் பிறந்தவர், இந்தியன் வங்கியில் வேலை பார்த்தவர். அவர் பாட்டுகள் அச்சேறிவிட்டன. எந்த நாட்டுத் தமிழ் வகுப்பிலும் பிரித்துப் படிக்கலாம். தாலாட்டுக்கு அந்த வசதி இல்லை. வரிகளை நோட்டில் எழுதி வைக்கலாம், மெட்டை என்ன செய்வது?

பதிவு செய்தால் போதுமா?

வெளிநாட்டுப் பாடகர்கள் இதைக் கையில் எடுப்பது நல்ல விஷயம்தான். சிக்கல் வேறு இடத்தில். பாடுகிறவர் தன் ஊர், தன் கோயில், பிள்ளையின் தாத்தா பெயர் என்று நடுநடுவே சேர்த்துக்கொண்டே போவார். இளையாற்றங்குடிக் கோயில் வீட்டில் ஒரு மாதிரி, பிள்ளையார்பட்டிக் கோயில் வீட்டில் ஒரு மாதிரி. ஸ்டுடியோவில் தம்புரா வைத்து நீலாம்பரியில் பாடினால் காதுக்கு இனிமை. ஆனால் எல்லோர் வீட்டுப் பாட்டும் ஒன்றாகிவிடும்.

ஆகவே வீட்டில் பாடத் தெரிந்த ஆச்சி இருந்தால் முழுசாகப் பாடவிட்டுப் பதிவு செய்யுங்கள். நடுவில் இருமினாலும் நிறுத்த வேண்டாம். பிறகு ஒவ்வொரு பெயரும் யாருடையது என்று கேட்டு, அதையும் அதே பதிவில் சேர்த்துவிடுங்கள்.