கன்று போட்ட மாடு எழ முடியாமல் படுத்துவிடுவது ஏன்? நிறைசினையில் தீவனம் கொடுப்பது எப்படி?

விழுப்புரம், திண்டிவனம் சுற்றுவட்டார கிராமங்களில் பல குடும்பங்களுக்கு சொசைட்டியில் ஊற்றும் பால்தான் கைச்செலவுக்கான வருமானம். நன்றாகக் கறக்கும் மாடு கன்று போட்ட ஓரிரு நாளில் தள்ளாடி, படுத்த இடத்திலேயே கிடந்தால் பெரும்பாலும் அது 'பால் காய்ச்சல்'. சிகிச்சை தாமதமானால் மாடே போய்விடும். ஆனால் இதற்கான தடுப்பு, கன்று போடும் முன்பே தீவனத்தில் தொடங்குகிறது.

பால் காய்ச்சல் என்றால் என்ன?

பெயரில்தான் காய்ச்சல், உடம்பு சுடாது, சில்லிட்டுத்தான் போகும். ரத்தத்தில் கால்சியம் திடீரெனக் குறைவதே காரணம். ஒரு லிட்டர் சீம்பாலில் சுமார் 2 கிராம் கால்சியம் வெளியேறுகிறது. மாட்டின் ரத்தத்தில் இருப்பதே சில கிராம்தான். எலும்பிலிருந்து உடனே எடுத்து ஈடுகட்ட முடியாவிட்டால் தசைகள் செயலிழக்கும். மூன்றாவது ஈற்றுக்கு மேற்பட்ட, அதிகம் கறக்கும் மாடுகளுக்கும், ஜெர்ஸி கலப்பினத்துக்கும் ஆபத்து அதிகம்.

கால்சியம் டானிக் முன்கூட்டியே கொடுக்கலாமா?

இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். நிறைசினையில் கால்சியத்தை அள்ளிக் கொடுத்தால், எலும்பிலிருந்து எடுக்கும் வேலையை உடம்பு மறந்துவிடும். கன்று போட்டதும் தேவை எகிறும்போது தடுமாறும்.

இந்தப் பகுதியில் தாராளமாகக் கிடைக்கும் மல்லாட்டைக் கொடி நல்ல தீவனம்தான். ஆனால் அதில் கால்சியம் அதிகம். கடைசி 3 வாரம் அதைக் குறைத்து, வைக்கோல், சோளத்தட்டை கூட்டலாம். கன்று போட்ட பிறகு கொடியைத் தாராளமாகக் கொடுக்கலாம். அந்த 3 வாரத்துக்கு எந்தத் தாது உப்பு, எவ்வளவு என்பதை மருத்துவரிடம் கேட்பது நல்லது.

வேறு என்ன செய்ய வேண்டும்?

* கன்று போடும் தேதிக்கு 60 நாள் முன்பே பால் கறப்பதை நிறுத்த வேண்டும்.
* கடைசி 2 வாரத்தில் அடர்தீவனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். மாடு கொழுத்துவிடக் கூடாது. கொழுத்த மாடு கன்று போட்டதும் தீனி குறைத்து, கீட்டோசிஸ் வந்து பால் இறங்கிவிடும்.

உடனே கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

* காது சில்லிடுவது, நடை தள்ளாடுவது, கழுத்தை விலாப்பக்கம் மடித்துப் படுப்பது: பால் காய்ச்சல்.
* 12 மணி நேரமாகியும் நஞ்சுக்கொடி விழாதது: கையால் இழுக்கவோ, கல்லைக் கட்டித் தொங்கவிடவோ கூடாது. கருப்பையில் சீழ் பிடிக்கும்.
* மடி கல்லாகி, பால் திரிந்து வருவது: மடிநோய்.

மருத்துவர் வரும் வரை?

படுத்த மாட்டை ஒருக்களித்துச் சாய விடாமல், இருபுறமும் வைக்கோல் மூட்டை வைத்து நெஞ்சில் நிமிர்த்தி உட்கார வைக்கவும். வாயில் மருந்தோ, கஞ்சியோ ஊற்றவே கூடாது. விழுங்க முடியாமல் நுரையீரலுக்குள் போய்விடும். கால்சியத்தை ரத்தக்குழாயில் மெதுவாக ஏற்ற வேண்டும். வேகமாக ஏறினால் இதயமே நின்றுவிடும் என்பதால் இது மருத்துவர் மட்டுமே செய்ய வேண்டிய சிகிச்சை. நேரத்தில் ஏற்றிவிட்டால் பல மாடுகள் சில மணி நேரத்திலேயே எழுந்து நிற்கும்.

அவசரத்துக்கு கால்நடை மருத்துவ ஊர்தியை 1962 என்ற எண்ணில் அழைக்கலாம். தீவன ஆலோசனைக்கு திண்டிவனம் வேளாண் அறிவியல் நிலையம், விழுப்புரத்தில் உள்ள கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகப் பயிற்சி மையம் ஆகியவற்றை அணுகலாம்.