திசு வளர்ப்பு மலர்ச்செடிகளை வெளிச்சூழலுக்குப் பழக்குதலின் வரலாறு

வெளிச்சூழலுக்குப் பழக்குதல் அல்லது கடினப்படுத்துதல் என்பது ஆய்வகக் குடுவையில் வளர்ந்த நாற்றுகளைப் பசுமைக்குடிலிலும் தோட்டத்திலும் வாழத்தக்கவையாக மாற்றும் படிநிலையாகும். திசு வளர்ப்பின் வரலாறு பெரும்பாலும் குடுவைக்குள் நடந்தவற்றையே பேசுகிறது. ஆனால் அங்கே பெருகிய செடிகள் பயன்பட்டனவா என்பது, வெளியே வந்த முதல் சில வாரங்களில்தான் முடிவானது.

தொடக்கக் காலம்

ஆர்க்கிட் விதையில் சேமித்த உணவு மிகக் குறைவு. இயற்கையில் அது பூஞ்சையின் துணையுடனே முளைக்கிறது. 1922இல் அமெரிக்கத் தாவரவியலாளர் லூயிஸ் நட்சன், சர்க்கரை கலந்த அகார் ஊடகத்தில் பூஞ்சையின்றியே அவ்விதைகளை முளைக்க வைத்தார். குடுவையிலிருந்து எடுத்த நாற்றுகளைக் கழுவி, ஒரே தொட்டியில் பலவற்றை நெருக்கமாக நட்டு, ஈரப்பதம் மிகுந்த கண்ணாடிக் குடிலில் காப்பது வளர்ப்போரின் வழக்கமாயிற்று. அது அனுபவத்தால் வந்த கைத்திறன்.

1952இல் பிரான்சின் ஜார்ஜ் மொரெல், மார்த்தேன் ஆகியோர் வைரசு தாக்கிய டாலியாவின் வளர்நுனியிலிருந்து நோயற்ற தண்டுகளைப் பெற்றனர். அவை வேர்விடாததால், நலமான டாலியா நாற்றுகள் மீது ஒட்டுக்கட்டியே வளர்த்தனர். 1960இல் மொரெல் இதே முறையைச் சிம்பிடியம் ஆர்க்கிட்டில் கையாண்டார். அதன் வளர்நுனி, விதை முளைக்கும்போது தோன்றுவதைப் போன்ற உருண்டைகளாக வளர்ந்து நாற்றானது. எனவே விதை நாற்றுகளுக்குப் பழகிய முறையே இவற்றுக்கும் பொருந்தியது.

தனிப் படிநிலையாதல்

1974இல் தோஷியோ முராஷிகே நுண்பெருக்கத்தை மூன்று கட்டங்களாகப் பிரித்தார். செடியை மண்ணுக்கு ஆயத்தப்படுத்துவது அதில் மூன்றாம் கட்டம். 1981இல் பெல்ஜியத்தின் டிபெர்க், மானே ஆகியோர் அலங்காரச் செடிகளுக்கான வணிகத் திட்டத்தில், குடுவைக்கு வெளியிலேயே வேர்விடச் செய்வதைப் பரிந்துரைத்தனர். இது ஆய்வகக் கூலியைக் குறைத்தது.

இறப்புக்கான காரணம்

குடுவையில் காற்று ஏறத்தாழ முழு ஈரத்துடன் இருக்கும், ஒளி குறைவு, உணவு சர்க்கரையிலிருந்து கிடைக்கும். அதனால் இலையின் மெழுகுப் படலம் மெலிந்தும், இலைத்துளைகள் சரியாக மூடாமலும் இருக்கும். வெளியே எடுத்தவுடன் இலைகள் நீரிழந்து வாடும். மெழுகுப் படலத்துக்கும் நீரிழப்புக்கும் உள்ள தொடர்பை 1977இல் காலிஃபிளவர் நாற்றுகளில் நடந்த ஆய்வு காட்டியது. குடுவையில் தோன்றிய இலைகள் பெரும்பாலும் முழுமையாகத் திருந்துவதில்லை. வெளியே துளிர்க்கும் புதிய இலைகளே செடியைக் காக்கின்றன. ஆகவே, அவை வரும்வரை பழைய இலைகள் காயாமல் பார்த்துக்கொள்வதே கடினப்படுத்துதலின் சாரம்.

பிற்கால வளர்ச்சி

ஜப்பானின் சிபா பல்கலைக்கழகத்தில் தொயோகி கோசாய், சர்க்கரையற்ற ஊடகம், காற்றோட்டமுள்ள கலன், மிகுந்த ஒளி, கூடுதல் கார்பன் டை ஆக்சைடு ஆகியவற்றால் நாற்றைக் குடுவைக்குள்ளேயே ஒளிச்சேர்க்கை செய்ய வைக்கும் முறையை வளர்த்தெடுத்தார். இதனால் பழக்குதல் குடுவையைத் திறப்பதற்கு முன்பே தொடங்கியது. எனினும் அகாரைக் கழுவுதல், தென்னை நார்க்கழிவு போன்ற தூய ஊடகத்தில் நடுதல், நிழலிலும் ஈரத்திலும் வைத்து இரண்டையும் படிப்படியாகக் குறைத்தல் என்ற பழைய வரிசையே இன்றும் பெரும்பாலான நாற்றங்கால்களில் நடைமுறையில் உள்ளது.