முப்பது மில்லி வயிறு

கல்யாண வீட்டில் மூக்குப் பிடிக்கச் சாப்பிட்டாயிற்று. பாயசத்தில் இரண்டாவது ரவுண்டும் முடிந்தது. இலையை விட்டு எழுந்திருக்கவே முடியவில்லை. பக்கத்தில் இருக்கும் பெரியவர் என்ன சொல்வார்? 'ஒரு சோடா வாங்கிக் குடி தம்பி, எல்லாம் சரியாயிடும்!' நீங்களும் குடிக்கிறீர்கள். 'ஏவ்' என்று ஒரு ஏப்பம். ஆஹா... சாப்பிட்டதெல்லாம் ஜீரணமாகிவிட்ட மாதிரி ஒரு நிம்மதி!

உண்மையில் வெளியே வந்தது, பெரும்பாலும் நீங்கள் இப்போதுதான் உள்ளே அனுப்பிய அதே வாயு! இருந்தாலும், 'சோடா என்றால் வயிற்றுக்கு மருந்து' என்பது நம்ம ஊர்ப் பெரியவரின் கண்டுபிடிப்பு அல்ல. அந்த நம்பிக்கைக்கு இருநூற்றைம்பது வயசு. அதே சோடாவைத்தான், எடை குறைப்பதற்காக வயிற்றில் ஆபரேஷன் செய்துகொண்டவர்களிடம் 'கிட்டேயே போகாதீங்க' என்கிறார்கள் இன்றைய டாக்டர்கள். மருந்தாகப் பிறந்த ஒன்று எப்படி வில்லன் ஆயிற்று?

1767-ம் ஆண்டு. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரம். ஜோசப் ப்ரீஸ்ட்லி என்ற பாதிரியாருக்கு வீடு அமைந்தது ஒரு பீர் தொழிற்சாலைக்குப் பக்கத்தில்! மனிதருக்கு விஞ்ஞானத்தில் தீராத ஆசை. பீர் நொதிக்கும் பெரிய தொட்டிகளுக்கு மேலே ஒரு வாயு போர்வை மாதிரி படர்ந்து நிற்பதைக் கவனித்தார். இன்று நாம் கார்பன் டை ஆக்ஸைடு என்கிறோமே, அதுதான். அந்த வாயுவுக்குள் நின்றபடி ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொரு பாத்திரத்துக்குத் தண்ணீரை மாற்றி மாற்றி ஊற்றினார் (நம்ம டீக்கடை மாஸ்டரின் ஆற்றல் வேலைதான்!). தண்ணீரில் 'சுர்' ஏறியது. சோடா பிறந்தது.

1772-ல் இதன் செய்முறையைச் சிறு புத்தகமாகவே வெளியிட்டார். கடல் பயணிகளை வதைத்த ஸ்கர்வி நோய்க்கு இது மருந்தாகும் என்று நம்பினார். கேப்டன் குக்கின் இரண்டாவது பயணத்துக்கும் இந்த யோசனை போய்ச் சேர்ந்தது. ஸ்கர்விக்குக் காரணம் வைட்டமின் சி குறைவு என்பதெல்லாம் பின்னால் தெரிந்த விஷயம். சோடா அதற்கு ஒன்றும் செய்யாது. ஆனால், 'மருந்து' என்ற பட்டம் மட்டும் ஒட்டிக்கொண்டது. ப்ரீஸ்ட்லி இதில் காசு பார்க்கவில்லை. பார்த்தவர், 1783-ல் ஜெனீவாவில் தொழிலாக ஆரம்பித்த ஷ்வெப் என்பவர்.

அதற்குப் பிறகு சோடா விற்ற இடம் எது தெரியுமா? மருந்துக் கடை! 1886-ல் அட்லாண்டாவில் பெம்பர்டன் என்ற மருந்து தயாரிப்பாளர் உருவாக்கிய கோகோ கோலா முதலில் விலைபோனது மருந்துக் கடையின் சோடா கவுண்டரில்தான். பெப்சியை உருவாக்கிய பிராட்ஹாமும் மருந்துக் கடைக்காரரே. 'டிஸ்பெப்சியா' என்றால் அஜீரணம். அந்த வார்த்தையிலிருந்துதான் பெப்சி என்ற பெயரே வந்தது என்கிறார்கள்! ஆக, அஜீரணத்துக்கு மருந்து என்ற பெயரில் லிட்டர் லிட்டராகச் சர்க்கரைத் தண்ணீர் உள்ளே போக ஆரம்பித்தது.

இப்போது காட்சி மாறுகிறது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி. அமெரிக்கா. அதீத உடல் பருமனை ஆபரேஷனால் குறைக்க முடியுமா என்று டாக்டர்கள் யோசிக்கிறார்கள். 1954-ல் மினசோட்டா பல்கலைக்கழக டாக்டர்கள், சிறுகுடலின் பெரும்பகுதியைச் சுற்றிக்கொண்டு போகும் 'பைபாஸ்' ஒன்றைப் பற்றி எழுதினார்கள். எடை குறைந்தது, சரிதான். ஆனால், அந்த வகை ஆபரேஷன் பலருக்குச் சத்துக் குறைவையும் கல்லீரல் கோளாறையும் கொண்டுவந்தது.

அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்டு மேஸன் என்ற சர்ஜன் வேறு ஒன்றைக் கவனித்துக்கொண்டிருந்தார். அல்சருக்காக இரைப்பையில் ஒரு பகுதியை எடுத்துவிட்ட பெண்களுக்கு மறுபடி எடை ஏறவே மாட்டேன் என்கிறதே! குடலை விட்டுவிட்டு இரைப்பையைச் சின்னதாக்கினால் என்ன? 1966-ல் மேஸனும் அவருடைய சகா இட்டோவும் முதல் 'காஸ்ட்ரிக் பைபாஸ்' செய்தார்கள். ஒரு லிட்டருக்கு மேல் விரியக்கூடிய இரைப்பையின் மேல்பகுதியில் மட்டும் சின்னப் பை ஒன்றை அமைத்து, அதை நேராகச் சிறுகுடலோடு இணைத்துவிடுவது. இன்று அந்தப் பையின் அளவு சுமார் முப்பது மில்லி. இருமல் மருந்து மூடியில் மூன்று மூடி... அவ்வளவுதான் வயிறு!

மேஸன் அதோடு நிற்கவில்லை. இன்னும் எளிமையாக, குடலைத் தொடாமலே செய்ய முடியாதா? 1980-ல் புதிய முறை ஒன்றைக் கொண்டுவந்தார். இரைப்பையின் மேல்பகுதியை ஸ்டேபிள் அடித்துச் சின்னப் பையாக்கி, அதன் வாசலில் ஐந்து சென்டிமீட்டர் சுற்றளவுள்ள பட்டை ஒன்றை மாட்டிவிடுவது. குறுகிய வாசல், நிதானமான உணவு, சீக்கிரம் வயிறு நிறையும். கணக்கு கச்சிதம்! எண்பதுகளில் இந்த ஆபரேஷன் பிரபலமாயிற்று.

ஆனால், ஒரு விஷயம் நின்று விளையாடியது. குறுகிய வாசலில் இறைச்சியும் ரொட்டியும் மாட்டிக்கொள்ளும். குடிப்பது மாட்டுமா? குளிர்பானம், மில்க் ஷேக், ஐஸ்க்ரீம்... எல்லாம் வழுக்கிக்கொண்டு போய்விடும்! கெட்டியாகச் சாப்பிட்டால் வாந்தி வருகிறது, இனிப்பாகக் குடித்தால் சுகமாக இருக்கிறது. பசித்த மனிதன் எதைத் தேர்ந்தெடுப்பான்? இறங்கிய எடை பலருக்கு மெள்ளத் திரும்பி ஏறியது. வர்ஜீனியாவில் சுகர்மேன் என்ற சர்ஜனின் குழு இரண்டு ஆபரேஷன்களையும் ஒப்பிட்டு 1987-ல் முடிவை வெளியிட்டது. பைபாஸே மேல்! அதுவும் இனிப்புப் பிரியர்களுக்குப் பட்டை ஆபரேஷன் சரியாக எடுபடவில்லை. ஒரு சர்ஜனின் கத்தியை ஒரு பாட்டில் சர்க்கரைத் தண்ணீர் ஜெயித்துவிட்டது.

பைபாஸில் மட்டும் ஏன் அப்படி ஆகவில்லை? அங்கே ஒரு போலீஸ்காரர் இருக்கிறார். 'டம்ப்பிங்' என்று பெயர். சர்க்கரை திடுதிப்பென்று குடலில் போய் விழுந்ததும், உடம்பிலிருக்கும் நீரை அது குடலுக்குள் இழுக்கிறது. படபடப்பு, வியர்வை, தலைசுற்றல், வயிற்றுப்போக்கு! சிலருக்கு ஓரிரு மணி நேரம் கழித்து இன்சுலின் எகிறி, ரத்தத்தில் சர்க்கரை சரிந்து மயக்கமே வரும். ஒருமுறை பட்டவர் அடுத்த பாட்டிலைத் தொட யோசிப்பார். ஆனால், இந்தப் போலீஸ்காரர் எல்லோர் வீட்டுக்கும் வருவதில்லை. அவரை நம்பிக் குடிக்க முடியாது.

சரி, சர்க்கரையே இல்லாத 'டயட்' சோடா? அங்கேயும் வாயு இருக்கிறதே! முந்நூறு மில்லி கோலாவில் அடைபட்டிருக்கும் வாயுவை முழுசாக வெளியே விட்டால் ஏறக்குறைய ஒரு லிட்டர். அதில் நிறையப் பகுதி மூடியைத் திறக்கும்போதும் ஏப்பத்திலும் போய்விடும். மீதி ஆபரேஷனான சின்னப் பைக்குள் வலியையும் உப்புசத்தையும் உண்டாக்கும். இன்று உலகில் அதிகம் செய்யப்படுவது, இரைப்பையை நீளக் குழாய் மாதிரி ஆக்கிவிடும் 'ஸ்லீவ்' ஆபரேஷன். அதில் உள்ளே அழுத்தம் அதிகம். நெஞ்செரிச்சல் ஏற்கெனவே பலருக்கு உண்டு. சோடா அதைக் கிளறிவிடும்.

'வாயு போய் பையையே பெரிதாக்கி, ஆபரேஷனை வீணாக்கிவிடும்' என்றும் சொல்வார்கள். நியாயமாகச் சொல்ல வேண்டும். அதற்கு உறுதியான ஆதாரம் குறைவு. அதனால்தான் டாக்டர்களுக்குள்ளும் கருத்து வேறுபாடு. சிலர் முதல் சில மாதங்கள் மட்டும் வேண்டாம் என்கிறார்கள், சிலர் ஆயுளுக்கும் தடை போடுகிறார்கள். ஆனால், சர்க்கரை கலந்த பானம் எடையைத் திருப்பிக் கொண்டுவரும் என்பதில் சந்தேகமே வேண்டாம். வாயு போகட்டும் என்று பாட்டிலைத் திறந்து வைத்துக் குடிப்பவர்கள், சர்க்கரை அங்கேயே இருப்பதை மறந்துவிடுகிறார்கள்!

மேஸன் 2020 டிசம்பரில், நூறு வயதைத் தொட்டபின் காலமானார். தன் ஆபரேஷன் ஒன்று ஜெயித்ததையும், இன்னொன்று தோற்றதையும் பார்த்துவிட்டுத்தான் போனார்.

இப்போது அந்தக் கல்யாணப் பந்திக்குத் திரும்புவோம். உங்கள் பக்கத்தில் ஒருவர் இரண்டே இட்லியை அரைமணி நேரமாக மென்றுகொண்டிருக்கலாம். யாரோ நீட்டிய கலர் பாட்டிலை 'வேண்டாங்க' என்று கையசைத்து மறுக்கலாம். ஏன் என்று ஊர் முன்னால் சொல்ல அவருக்குக் கூச்சம் இருக்கும். 'ஒரு வாய் குடிங்க, என்ன ஆயிடப் போகுது?' என்று நாம் அன்பாகத்தான் வற்புறுத்துவோம்.

தயவுசெய்து வேண்டாம். அவருக்குள்ளே இருப்பது முப்பது மில்லி. உங்கள் அன்பை வேறு எதிலாவது ஊற்றிக் கொடுங்கள். ஒரு டம்ளர் வெறும் தண்ணீர் போதும். அதையும் அவர் மெதுவாகத்தான் குடிப்பார். அவசரப்படுத்தாமல் கூட உட்கார்ந்திருங்கள்!